வாடகை வெளியே போகிறது, மழை உள்ளே வருகிறது

வவுனியா நகருக்குள் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் எதைக் கேட்டாலும், இரண்டாவதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். வாடகை வாங்கும் பொறுப்பை இங்கே அவருடைய ஒன்றுவிட்ட தமையனார் ஏற்றிருக்கிறார். அவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றே அழைக்கிறோம். மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, பணத்தை எண்ணிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். குழாய் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், "நான் தம்பிக்குச் சொல்லிவிடுறன்" என்பார். அவர் பொய் சொல்பவரல்லர், சொல்லியும் இருப்பார். அந்தச் சொல் கடல் கடந்து போய், அங்கே ஒரு மறுமொழியாக மாறி, இங்கே ஒரு மேசனாகத் திரும்பி வருவதற்குள் ஒரு மாரி கழிந்துவிடுகிறது.

கட்டடம் பழுதடைவதற்கு அதன் வயதைக் காரணமாகச் சொல்வது எங்கள் ஊரில் வழக்கம். எங்கள் கட்டடம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எழுந்தது. ஒழுங்காகப் பார்க்கப்பட்ட கொங்கிறீற் கட்டடத்துக்கு அது ஒரு வயதே அல்ல. கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பதால் இதைச் சற்று உறுதியாகவே சொல்கிறேன். இங்கே நடந்திருப்பது வேறு. அத்தனை ஆண்டுகளாக இந்தக் கட்டடம் உழைத்துக் கொடுத்த வாடகையில் எந்தப் பங்கும் இந்தக் கட்டடத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்படவில்லை. ஒரு சுவரைப் பூசவேண்டுமென்றால் அதற்குரிய பணம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, புதிதாக விளக்கம் சொல்லி, ஓர் உபகாரத்தைப் போலப் பெறப்படவேண்டியிருக்கிறது.

இப்படியான கட்டடங்கள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பதற்கு இந்த நகரத்தின் கதையே விடை. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் வவுனியா நிரம்பியது. முகாம்களுக்கு வெளியே நகரில் தங்குவதற்குப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நாள் பாஸ், மாதப் பாஸ் என்று அதிலும் வகைகள் இருந்தன. 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று வந்த பின்னரே அந்த நடைமுறைக்கு முடிவு ஏற்பட்டது. பாஸ் கிடைத்தவருக்கு ஓர் அறை வேண்டியிருந்தது, அறை எப்படிப்பட்டது என்று பார்க்க அவருக்கு வசதி இருக்கவில்லை. போர்க்கால எல்லையாக இருந்த தாண்டிக்குளத்துக்கு அப்பால் சீமெந்து மூட்டை கொண்டுபோக முடியாதிருந்த அதே காலத்தில், இப்பால் காணி வைத்திருந்தவர்கள் கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு தட்டாக எழுப்பினார்கள். வரைபடம் முதல் தட்டுக்கு மட்டுமே இருந்திருக்கும். மற்றவை மேசனாரின் மனக்கணக்கில் எழுந்தவை. பின்னர் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த காலத்திலும், 2009இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம்களுக்கு வேலைக்கு வந்த தொண்டு நிறுவனங்களின் காலத்திலும் வாடகை ஏறியதே தவிர, கட்டடத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை. வருகிறவர் எவரும் நீண்ட நாள் இருக்கப்போவதில்லை என்ற எண்ணம் வீட்டுக்காரரிடமும் இருந்தது, குடியிருந்தவரிடமும் இருந்தது.

அந்த எண்ணம் இப்போது பொருந்தாது. ரயில் ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் போய், 2014இல் யாழ்ப்பாணத்தையும் எட்டிவிட்டதால் வவுனியா எல்லைப் பட்டினமாக இருந்த நிலை முடிந்துவிட்டது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. ஆஸ்பத்திரி, கச்சேரி, பாடசாலைகள், வங்கிகள் என்று வேலை பார்ப்பவர்களும், பிள்ளைகளின் படிப்புக்காக முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் இந்த வீடுகளில் குடியிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கீழே கடைகள், மேலே இரண்டு தட்டுகளில் ஐந்து வீடுகள். முதல் தட்டில் உள்ள ரீச்சர் அக்கா தன் மூத்த மகளைத் தொட்டிலில் போட்ட வீட்டிலிருந்தே அவளை உயர்தரப் பரீட்சைக்கு அனுப்பினார். தற்காலிகம் என்று கட்டப்பட்ட இடத்தில் ஒரு முழு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது.

மொட்டைமாடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நோய் அங்கிருந்துதான் இறங்குகிறது. எங்கள் கட்டடத்தின் உச்சியில் தூண்களிலிருந்து கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்னொரு தட்டு எழுப்பலாம் என்ற எதிர்பார்ப்பில் விடப்பட்ட கம்பிகள் அவை. வவுனியாவில் உயரமான இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கூரைக்குக் கூரை இதே காட்சிதான். அடுத்த தட்டு வரவில்லை. கம்பி மட்டும் மழையிலும் வெயிலிலும் நின்று துருப்பிடித்தது. துரு வெளியே தெரியும் பகுதியோடு நின்றுவிடுவதில்லை. கம்பி கொங்கிறீற்றுக்குள் நுழையும் இடத்தில் ஏற்படும் மயிரிழை வெடிப்பு வழியாக நீர் இறங்கி, தூணின் தலைப்பகுதியைப் பிளக்கத் தொடங்குகிறது.

இதன் இயக்கத்தைச் சற்று விளக்கவேண்டும். புதிய கொங்கிறீற் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஆண்டுக்கணக்கில் கொங்கிறீற்றுக்குள் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீற் போதிய தடிப்பாகவும் நெருக்கமாகவும் இருந்தால் இந்த ஊடுருவல் கம்பியை எட்டப் பல பத்தாண்டுகள் செல்லும். எங்கள் சிலாப்பில், அதாவது கூரைத் தளத்தில், சில இடங்களில் அந்த மூடலின் தடிப்பு அரை அங்குலமும் இல்லை. வார்க்கும்போது கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய சீமெந்துக் கட்டைகளை வைக்காமல், கம்பி பலகையில் படுத்துக் கிடக்கவே ஊற்றியிருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்தால் அதன் கனவளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். அந்த வீக்கத்துக்கு இடம் இல்லாமல் கொங்கிறீற் கீழ்ப்புறமாக உடைந்து விழுகிறது. இரண்டாம் தட்டில் எங்கள் குசினிக்கு மேலே ஒரு பாய் அளவு பகுதி இப்படி விழுந்து, கம்பிகள் வெளியே தெரிகின்றன. நல்ல வேளை, விழுந்தது இரவில்.

இதற்கு வழமையாக நடக்கும் வைத்தியம் என்னவென்றால், மேசன் ஒருவர் வந்து சாந்து குழைத்து, துருப்பிடித்த கம்பிக்கு மேலேயே அப்பி, மட்டப்பலகையால் இழுத்து, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த மாரிக்குப் பிறகு அந்தச் சாந்தும் விழும், அதோடு இன்னும் கொஞ்சம் பழைய கொங்கிறீற்றும் விழும். செய்யவேண்டிய வேலை இதற்கு எதிர்மாறானது: தளர்ந்த பகுதியை ஈவிரக்கமின்றிக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் தெரியும் வரை போய், துருவைக் கம்பித் தூரிகையால் முழுக்கத் தேய்த்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதன் பிறகே நிரப்பவேண்டும். அதற்கும் முன்னர் மேலேயிருந்து நீர் வருவதை நிறுத்தவேண்டும். நீரை நிறுத்தாமல் கீழே பூசுவது பணத்தை நனைப்பதற்குச் சமம்.

நீர் ஏன் அங்கே தேங்குகிறது என்று பார்த்தால் காரணம் மிக எளியது. மொட்டைமாடியின் வாட்டம் மூலையிலுள்ள ஒரே ஒரு குழாய்த் துவாரத்தை நோக்கி இருக்கிறது. பின் வளவு வேம்பின் இலை அதை அடைத்துவிடுகிறது. இங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையே ஆண்டு மழையின் பெரும்பகுதி. வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் தளத்தின் மேல் திடீரென்று சில வாரங்களுக்குள் அத்தனை நீரும் இறங்கும்போது, அந்த ஒரு துவாரம் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதே எங்கள் கூரையின் விதியைத் தீர்மானிக்கிறது. புரட்டாசி மாதத்தில் ஒருவர் மேலே ஏறி அதைக் கூட்டித் துப்புரவு செய்தால் போதும். ஆனால் மொட்டைமாடி எவருடைய வீட்டுக்கும் உரியதல்லாததால், அங்கே ஏறுவது எவருடைய கடமையும் அல்ல. உடுப்புக் காயப்போடும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

எனக்கு முல்லைத்தீவுப் பக்கம் சொந்த வளவு இருக்கிறது. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியபோது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது; 550,000 ரூபாவைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள், கட்டுவது பயனாளியின் பொறுப்பு. அங்கே அத்திவாரத்தில் எத்தனை மூட்டை சீமெந்து போனது என்று என் அம்மாவுக்கு இன்றும் தெரியும். ஓடு ஒன்று விலகினால் அன்றைக்கே ஏணி வைக்கப்படும். அதே அம்மா இங்கே வந்து எங்களோடு தங்கும் நாட்களில் படிக்கட்டுச் சுவரில் ஊறும் ஈரத்தைப் பார்த்து, "இது ஆற்றை வீடு எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லைப் போல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். எங்கள் கட்டடத்தின் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியியலாளரும் எழுதித் தரமுடியாது.

அடுத்தது தண்ணீர். வன்னியின் இப்பகுதி பழைய படிகப் பாறையின் மேல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் இங்கே இல்லை. குழாய்க்கிணறு தோண்டினால் பாறை வெடிப்புகளில் தேங்கும் நீர்தான் கிடைக்கும். வெடிப்பு அகப்பட்டால் நீர், அகப்படாவிட்டால் தோண்டிய செலவு. கிடைக்கும் நீரும் பல இடங்களில் கடினமானது, புளோரைட்டும் கூடியது. எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரம் லீற்றருக்கு மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராம், புளோரைட்டு 1 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. எங்கள் கிணற்று நீர் அந்த எல்லையை எப்படி மதிக்கிறது என்பதற்குக் கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். கொதிக்கவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் இறங்கும். புளோரைட்டு இறங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். காரணம் இன்னும் முழுமையாக விளங்காத சிறுநீரக நோய் வவுனியாவின் கிராமங்களிலும் அயலிலுள்ள வரண்ட வலயத்திலும் பரவியிருப்பதால், குடிப்பதற்குக் கிணற்று நீரை எவரும் நம்புவதில்லை. எல்லா வீட்டு வாசலிலும் சுத்திகரிப்பு நிலையத்தில் நிரப்பிய நீலக் கான்கள் நிற்கின்றன. இரண்டு மாடி ஏறி அந்தக் கானைச் சுமப்பதும் குடியிருப்பின் செலவே. அதை எந்த வாடகைக் கணக்கிலும் எவரும் சேர்ப்பதில்லை.

பேராற்று நீர்த்தேக்கத்தை மூலமாகக் கொண்ட நகர நீர்வழங்கல் வந்தபோது எங்கள் கட்டடத்துக்கும் ஓர் இணைப்புக் கிடைத்தது. ஒரே ஓர் இணைப்பு. அந்த நீர் கீழே ஒரு தொட்டியில் விழுகிறது. குழாய்க்கிணற்று நீரும் அதே தொட்டியில் விழுகிறது. இரண்டையும் மோட்டார் மேலே ஏற்றி மொட்டைமாடித் தாங்கிகளில் நிறைக்கிறது. ஆகவே திறக்கும் குழாயில் வருவது எந்த நீர், எந்த விகிதத்தில் என்று ஒருவருக்கும் தெரியாது. நீர்வழங்கல் சபை சுத்திகரித்து அனுப்பிய நீரை நாங்களே மறுபடி கெடுத்துக்கொள்கிறோம். இதைப் பிரிப்பதற்கு வேண்டியது ஒரு சிறு தாங்கியும், குசினிகளுக்கு மட்டும் போகும் தனிக் குழாய் ஒன்றும். பெரிய செலவு இல்லை. ஐந்து வீடுகளும் கடைகளும் உடன்படவேண்டும் என்பதே பெரிய செலவு.

மேல் தட்டுக்காரரின் குறை இன்னொன்று. தாங்கி தலைக்கு மேலேயே இருப்பதால் எங்களுக்குத்தான் தண்ணீர் வேகமாக வரும் என்று கீழ் வீட்டார் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. குழாயில் அழுத்தத்தைத் தருவது தாங்கிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு. பத்து மீற்றர் நீர் உயரம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். எங்கள் குளியலறை, தாங்கியிலிருந்து இரண்டு மீற்றர் கீழேதான் இருக்கிறது. அதன் மேல் பழைய குழாய்களின் உள்ளே படிந்த உப்பு, துவாரத்தைப் பாதியாக்கிவிட்டது. காலையில் கீழே இரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் குழாய் திறந்தால் எங்களுக்கு வருவது நூல்.

தாங்கிகளைக் கழுவுவதற்கும் முறை இல்லை. மூடிகளைக் குரங்குகள் திறந்துவிடுகின்றன என்று ஐயா சொல்வார். அது உண்மைதான், வவுனியாக் குரங்குகளின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் கம்பியால் கட்டிய மூடியைக் குரங்கு திறப்பதில்லை. மூடியில்லாத தாங்கி, அடைத்த பீலி, சாய்ந்து கிடக்கும் பழைய கழுவுதொட்டி எல்லாமே நுளம்புக்கு வீடு. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஆவதற்கு இந்த வெப்பத்தில் ஏழெட்டு முதல் பத்து நாட்கள் வரை போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே தடுத்துவிடலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி இடத்தை வைத்திருப்பவர் மீது வழக்குப் போட முடியும். மாரி தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போனபின் ஒரு வாரத்துக்குக் கட்டடம் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு வாரத்தில் செய்யப்படும் வேலையின் அளவைப் பார்க்கும்போது, ஆண்டு முழுவதும் எங்களால் முடியாதது எதுவும் இல்லை என்று தெரிகிறது.

மலக்குழி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய குழி இப்போது ஐந்து குடும்பங்களுக்கும் கீழ்க் கடைக்காரர்களுக்கும் உழைக்கிறது. கோடையில் மண் உறிஞ்சிக்கொள்கிறது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தவுடன் உறிஞ்ச இடமில்லாமல் குழி நிரம்பி, கீழ் வீட்டுக் கழிவறையில் முதலில் தெரிகிறது. பவுசர் வந்து இறைத்தால் சில நாள் நிம்மதி. அந்தக் குழிக்கும் குழாய்க்கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை நான் அளந்து பார்த்தேன். அதன் பின்னர் பல் தீட்டுவதற்கும் கான் நீரையே எடுக்கிறோம்.

மின்சாரத்தில்தான் அயலவர்களுக்குள் மனக்கசப்பு வருகிறது. மேல் தட்டுகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மீற்றர். உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டுக்காரர் பொருத்திய சிறு மீற்றர் உண்டு. வீட்டுப் பாவனை மின்கட்டணம் படிமுறையானது: மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்பவருக்குத் தனியான குறைந்த பட்டியல், அதைத் தாண்டினால் வேறு பட்டியல், 180க்கு மேல் போகும் ஒவ்வோர் அலகுக்கும் மிக உயர்ந்த விலை. ஒரு வீடு 55 அலகு மட்டுமே பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி இணைப்பு இருந்தால் அது குறைந்த பட்டியலில் நிற்கும். ஐந்து வீடுகளும் ஒரே மீற்றரில் சேரும்போது 275 அலகு ஆகி, அதில் 95 அலகு உச்ச விலையில் விழுகிறது. சிக்கனமாக இருப்பவர்கள் அனைவரும் சேர்ந்து ஓர் ஆடம்பரக் குடும்பமாகக் கணக்கிடப்படுகிறார்கள். 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தபோது இது உறைக்கத் தொடங்கியது. பின்னர் விலை இறங்கினாலும் படிமுறை அப்படியே இருக்கிறது.

இதற்குள் இன்னொரு நுணுக்கம்: சிறு மீற்றர்கள் ஐந்தையும் கூட்டினால் பெரிய மீற்றரின் அளவு வராது. இடைவெளியில் இருப்பது தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும். மோட்டாருக்குரிய காசை ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரிப்பதா, வீட்டின் எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்ற விவாதம் எங்கள் படிக்கட்டில் அடிக்கடி நடக்கும். தனியாக இருக்கும் வங்கித் தம்பி வீட்டுக்கு இவ்வளவு என்றால் ஒப்பமாட்டார்; ஏழு பேர் இருக்கும் வீட்டு அண்ணை ஆளுக்கு இவ்வளவு என்றால் ஒப்பமாட்டார். படிக்கட்டு விளக்கு எரியாமல் இருப்பதற்குக் காரணம் பல்ப் அல்ல என்று இப்போது விளங்கியிருக்கும்.

வயறிங் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வட்ட முனைச் செருகிகள் சுவரில் அப்படியே இருக்க, புதிய சாதனங்களுக்காக இணைப்பான்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் இழுத்துக் கொடுத்த 'எலக்ரீசியன்' ஒருவரை முன்பிருந்தவர்கள் கூட்டிவந்திருக்கிறார்கள். 30 மில்லியம்பியர் கசிவில் மின்னைத் துண்டிக்கும் அந்தச் சுவிச் விழுவது, ஈரச் சுவரில் எங்கோ மின் கசிகிறது என்று சொல்வதற்காக. கூரை ஒழுக்கும் மின் கசிவும் இங்கே ஒரே நோயின் இரண்டு குணங்கள். வேறெதற்கும் வீட்டுக்காரரைக் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்கக் கூடாது என்று வாதாடி, நாங்களே காசு சேர்த்து அந்த வயரை அகற்றினோம்.

சட்டம் என்ன செய்யும் என்று பலரும் கேட்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். எழுதினால் செலவு, முத்திரை வரி, பதிவு. ஆகவே எல்லோரும் மாத வாடகையாகவே வாய்ப்பேச்சில் இருந்துவிடுகிறார்கள். இந்த நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விட்ட நோக்கத்துக்கு ஏற்ற நிலையில் வீட்டை வைத்திருப்பது விட்டவரின் கடமை. ஆனால் திருத்தித் தரவில்லை என்பதற்காக வாடகையைக் கொடுக்காமல் நிறுத்தினால், வாடகை நிலுவைக்காரராக நீதிமன்றத்தில் நிற்கப்போவது நாங்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலமான காப்பாக ஆக்கப்பட்டது. பின்வந்த திருத்தங்கள் அதன் பிடியைத் தளர்த்திவிட்டன. தொடர்மாடிகளின் பொதுப் பகுதிகளைப் பராமரிப்பதற்கான சட்ட ஒழுங்கு, வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்ட கட்டடங்களுக்கு உரியது. ஒரே சொந்தக்காரரின் வாடகைக் கட்டடத்தில் அது நுழைவதில்லை. மாத வாடகைக்காரர் வழக்குப் போடுவதைவிட வேறு வீடு பார்ப்பது மலிவு என்பதை இரு தரப்பும் அறியும்.

சொந்தக்காரரோடு கடைசியில் நாங்களே வட்ஸ்அப்பில் பேசினோம். ரீச்சர் அக்காதான் பேச்சைத் தொடங்கினார். நான் எதிர்பார்த்ததைவிடச் சொந்தக்காரர் நியாயமாகப் பேசினார். காணி இன்னமும் காலமான தகப்பனாரின் பெயரில் இருக்கிறதாம். சகோதரர்கள் நால்வர், நான்கு நாடுகள். வாடகை நால்வருக்கும் பிரிகிறது. "அண்ணை, நான் ஒராள் காசு போட்டுத் திருத்தினால், நாளைக்குப் பங்கு பிரிக்கேக்கை அது எனக்குக் கணக்கிலை வருமோ?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு நான் என்ன மறுமொழி சொல்வது? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரக்கம் இல்லை என்று படிக்கட்டில் பேசிக்கொள்வது எளிது. பிரிக்கப்படாத சொத்தில் எவரும் தனியாகச் செலவழிக்கத் துணிவதில்லை என்பதே இங்கு நடந்திருக்கிறது, இந்த நகரத்தில் இதே நிலையிலுள்ள கட்டடங்கள் இன்னும் பல.

ஆகவே நாங்கள் கேட்டது நன்கொடை அல்ல. நால்வருக்கும் பிரிவதற்கு முன்னரே, வாடகையில் பத்தில் ஒரு பங்கை இங்கேயே ஒரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கும்படி கேட்டோம். யாருடைய பங்கிலிருந்தும் தனியாகப் போகாது. கட்டடம் தன் உழைப்பில் தன்னைப் பார்த்துக்கொள்ளும். கணக்கு ஐயாவின் பெயரிலும் ரீச்சர் அக்காவின் பெயரிலும் கூட்டாக இருக்கும், செலவுச் சிட்டைகள் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பப்படும். மூன்று சகோதரர்கள் ஒத்துக்கொண்டார்கள். நான்காமவர் இன்னும் யோசிக்கிறார். அவருடைய பங்கை நீக்கி மற்ற மூவரின் பங்கிலிருந்து சிறு தொகை சேரத் தொடங்கியிருக்கிறது.

முதற் செலவு எதற்கு என்பதில் கடும் வாக்குவாதம் நடந்தது. கீழ் வீட்டார் மலக்குழி என்றார்கள், மேல் தட்டில் மற்ற வீட்டார் தண்ணீர்க் குழாய் என்றார்கள், நான் மொட்டைமாடி என்றேன். மொட்டைமாடிக்கு வாக்கு விழுந்ததற்கு என் தொழில் அறிவு காரணமல்ல, செலவு குறைவு என்பதே காரணம். நீட்டிக்கொண்டு நின்ற கம்பிகளை மட்டமாக வெட்டி, தலைகளைத் துருத் தேய்த்துப் பூசி மூடினோம். எதிர் மூலையில் இன்னொரு நீர்த் துவாரம் இட்டு, இரண்டுக்கும் கம்பி வலை போட்டோம். கம்பியை வெட்டியதற்கு ஐயாவுக்கு மனவருத்தம்; மேலே ஒரு தட்டு எழும்பும் என்று அவர் இன்னமும் நினைத்திருந்தார். சிலாப்பின் கீழ்ப்புறம் அடுத்த தவணைக்கு இருக்கிறது. அதுவரை எங்கள் குசினியில் அடுப்பை மறு பக்கத்துக்கு மாற்றி வைத்திருக்கிறோம்.

தனி மின் இணைப்புகளுக்கு விண்ணப்பிக்கச் சொந்தக்காரரின் கையொப்பம் வேண்டும். காணி தகப்பனார் பெயரில் இருப்பதால் நான்கு நாடுகளிலிருந்தும், தங்கள் சார்பில் கையொப்பமிடும் அதிகாரத்தைக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பவேண்டியிருக்கிறது. மூன்று வந்துவிட்டன. நான்காமவரோடு பேசும் பொறுப்பை ரீச்சர் அக்காவின் மகள் ஏற்றிருக்கிறாள். நான்காமவரின் மகளும் அவளும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்களாம்.